நீலமில்லாத வரைபடம்

பாலாவிச் சந்தியில் எனக்கு ஒரு போட்டோகொப்பிக் கடை இருக்கிறது. வீட்டுப் பிளான், காணிப் பிளான், உப்பளப் பிளான் என்று பெரிய தாள்களைப் பிரதி எடுக்கிற மெஷின் இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னிடம் மட்டும்தான் உண்டு. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தாளில் உள்ள எந்தக் கோட்டையும் பெரிதாக்கித் தருவேன், சிறிதாக்கித் தருவேன். அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று மட்டும் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. அது என் வேலையில்லை என்று இருந்துவிட்டேன்.

கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் இரண்டு வருடமாக என் நானா இருந்தார். நானா என்றால் எங்களில் மூத்த சகோதரன். எனக்கு எட்டு வயது மூத்தவர். கற்பிட்டியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு என்று இரண்டு தண்ணீருக்கும் நடுவில் பிறந்து, முப்பது வருடத்துக்கு மேல் போட் ஓட்டியவர். அந்த மனிதர் கடலைப் பார்க்க மாட்டேன் என்று என்னிடம் வந்து சேர்ந்தார்.

அவருடைய மகன் கடலில் போனான். இருபத்தாறு வயது. அன்றைக்கு நானாவுக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக மகன் போட்டை எடுத்துக்கொண்டு போனான். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எழும்பத் தொடங்கியிருந்த நேரம். போட் கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேரும் கவிழ்ந்த போட்டைப் பிடித்தபடி மிதந்து மறுநாள் கரை சேர்ந்தார்கள். அவன் சேரவில்லை. நானா பத்தொன்பது நாள் தேடினார். வடக்கே மன்னார்ப் பக்கம் வரைக்கும், தெற்கே சிலாபம் வரைக்கும் போனார். மையித்து, அவனுடைய உடல், கிடைக்கவில்லை.

மையித்து கிடைக்காதவனுக்கும் எங்களில் ஜனாஸாத் தொழுகை உண்டு. உடலை முன்னால் வைக்காமலே, இல்லாத ஆளுக்காகத் தொழுவது. பள்ளிவாசலிலிருந்து மூன்று தடவை வந்து நானாவிடம் கேட்டார்கள். மூன்று தடவையும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்.

“மையித்த என்ட கண்ணால பாக்காம எவனும் தக்பீர் கட்டப்படாது.”

பெற்ற வாப்பாவே மறுக்கும்போது பள்ளிவாசலில் என்ன செய்வார்கள்? எழுந்து போய்விட்டார்கள். அவனைப் பெற்ற என் மதினி, நானா கடைப்பக்கம் வராத நேரம் பார்த்து எனக்குப் போன் எடுப்பார்.

“பெத்த புள்ளைக்கு ஒரு ஜனாஸா தொழாம எத்தின நாளைக்கு, தம்பி? ஊர்ல ஆரு மவுத்தானாலும் போறன், அழுறன். என்ட புள்ளைக்கு அழ ஏலாம ஈக்கி.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவன் என்னைச் சாச்சா என்று கூப்பிடுவான். என் கடை மெஷினில் தாள் சிக்கிக்கொண்டால் கற்பிட்டியிலிருந்து வந்து திருத்தித் தருவான். அவனுக்காக ஒரு பாத்திஹா ஓதினாலும் நானாவுக்குத் துரோகம் செய்வது போலிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தேன். நானாவின் மேல் எனக்குக் கோபம் இருந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பரிதாபமும் இருந்தது, ஆனால் கோபம்தான் கூட.

பாலாவியில் அவர் தன் கதிரையை எப்போதும் கொழும்பு ரோட்டைப் பார்த்துப் போட்டுக்கொள்வார். களப்புக்கும் உப்பளத்துக்கும் முதுகு. சீமெந்து லொறிகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். சீனி வருத்தம் ஏறியபோது டொக்டர் நடக்கச் சொன்னார். அந்த லொறிகளின் ஓரமாகவே மதுரங்குளி வரை நடந்துபோய் பஸ்ஸில் திரும்பி வருவார். எந்த நாள் எந்த லொறி மோதியதென்று செய்தி வருமோ என்று நான் கடையில் இருந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். அவர் நன்றாக நடந்தார். நடக்கும்போது மட்டும்தான் முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்தது.

ஒருநாள் சிலாபத்திலிருந்து ஒரு வங்கி உத்தியோகத்தர் ஒரு பெரிய வரைபடத்தை லெமினேட் செய்யக் கொண்டுவந்தார். சிங்களவர், தமிழும் நன்றாகக் கதைப்பார். கண்டிப் பக்கத்தில் தொடங்கித் தேயிலைத் தோட்டங்கள் ஊடாக நாள் கணக்கில் போகிற ஒரு நடைபாதை இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை மூட்டையும் குதிரையும் போன வழி, அதில் நடக்கப் போகிறேன் என்றார். நான் மெஷின் சூடாகும்வரை காத்திருந்தேன். நானா பின்னறையிலிருந்து வந்து மேசைக்கு மேல் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“தம்பி, இந்த மெப்புல எங்கயும் நீலம் இல்லையே?”

“அது மலநாட்டு மெப், நானா. அங்க கடல் எங்க ஈக்கி?”

“ஒரு பக்கத்துலயும் இல்லையா?”

“ஒரு பக்கத்துலயும் இல்ல.”

ஓடைகள் மெல்லிய நீலக் கோடுகளாக ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை. கடலோடிக்கு ஓடை ஒரு தண்ணீரா? அன்று பின்நேரம் தேத்தண்ணீர் குடிக்கும்போது, “நான் அங்க நடக்கப் போறன்,” என்றார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அறுபத்து நாலு வயது, சீனி வருத்தம், உப்புக் குவியலைவிட உயரமான எதிலும் ஏறியிராத கால்கள். தனியே விட முடியாது. எனக்கும் மலை என்றால் பஸ் யன்னலுக்கு வெளியே இருக்கிற ஒரு சாமான்தான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்; உயரம் தெரியாமலும் விடக்கூடாது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

மதினியிடம் சொன்னேன். தடுப்பார் என்று நினைத்தேன். “கூட்டிட்டுப் போங்க,” என்றார். “அந்த மனுசன்ட மனசு அங்கயாவது எளகுதா பாப்பம்.”

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் நாங்கள் வரைபடம் தேடித் தெரிவுசெய்தோம். மற்றவர்கள் மலைக்கு வரைபடம் தெரிவுசெய்யும்போது என்ன பார்ப்பார்களோ தெரியாது. தூரம், தண்ணீர், தங்குமிடம் பார்ப்பார்களாக இருக்கும். எங்களுடைய நிபந்தனை ஒன்றே ஒன்று. எந்த இடத்தில் நின்றாலும் கடல் தெரியக்கூடாது. மேற்குப் பக்கத்து மலைகளில் வானம் வெளித்த நாட்களில் தூரத்தில் கடல் தெரியும் என்று அந்த வங்கிக்காரர் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவருக்கு அது ஒரு அழகு. நானாவுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் உல்லாசப் பயணிகளுக்கென்று அச்சடித்த வரைபடம் ஒன்று வாங்கினேன். வழவழப்பான தாள், மூலைக்கு மூலை கொழுந்து பறிக்கிற பெண்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், நீர்வீழ்ச்சி ஒவ்வொன்றும் மலையைவிடப் பெரிதாக இருக்கிறது. எரிச்சலாக இருந்தது. ஆனால் அதில் ஒரு பயன் இருந்தது. நல்ல காட்சி தெரியும் இடங்களுக்கெல்லாம் ஒரு தொலைநோக்கியின் படம் போட்டிருந்தார்கள். வேறு ஆட்கள் அந்த இடங்களைத் தேடிப் போவார்கள். நாங்கள் சிவப்புப் பேனையால் ஒவ்வொன்றாகக் குறுக்கே வெட்டினோம்.

போனில் ஒரு வரைபடத்தை இறக்கியும் பார்த்தேன். அதை நானா இரண்டு நிமிடத்தில் ஒதுக்கிவிட்டார். விரல் பட்டால் மலை ஓடிப்போகிறது, பெருப்பித்தால் பெயர் காணாமல் போகிறது, அதோடு சற்று இடது பக்கம் தள்ளினால் நீலம் வந்துவிடுகிறது. அது போதும் அவருக்கு. போனைக் கவிழ்த்து வைத்தார்.

அயலில் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் இருந்தார். அவரிடம் பழைய ஒரு அங்குல வரைபடம் இரண்டு தாள் இருந்தது. ஒரு மைலுக்கு ஒரு அங்குலம். அழகான சாமான், ஆனால் அதில் இருக்கும் பாதைகளில் பாதி இன்றைக்குத் தேயிலைக்குள் போய்விட்டிருக்கும் என்று அவரே சொன்னார். கடைசியில் வங்கிக்காரர் சொன்னபடி அரசாங்கம் வெளியிட்ட ஐம்பதாயிரத்தில் ஒன்று அளவு வரைபடத்தை ஆள் விட்டு எடுப்பித்தேன். நான்கு தாள். பழுப்புக் கோடுகள் மாவில் விரல் ஓட்டினது போல வளைந்து வளைந்து தாள் முழுக்கக் கிடந்தன.

“கோடு கிட்டக் கிட்ட வந்தா பாதை கஷ்டம். தள்ளித் தள்ளி இருந்தா லேசு,” என்று வங்கிக்காரர் ஒரு பாடம் எடுத்தார். அதோடு பாடம் முடிந்தது. மேற்கொண்டு கேட்க எனக்கு வெட்கம். நான் பத்தாம் வகுப்பில் சமவுயரக் கோடு படித்தவன். பரீட்சையோடு அதைப் பரீட்சை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

நானாவின் கண்ணுக்கு அந்தச் சின்ன எழுத்துக்கள் பிடிபடவில்லை. கண்ணாடி போடவும் மாட்டார். எனக்கென்ன, மெஷின் இருக்கிறதே. தாள்களைத் துண்டு துண்டாகப் பெரிதாக்கிக் கறுப்பு வெள்ளையில் அடித்துக் கொடுத்தேன். ஓரத்தில் வந்த பெயர்கள் வெட்டுப்பட்டன. இலக்கங்கள் கறுத்து மொத்தமாகிப் புள்ளிகளாக நின்றன. கோடுகள் மட்டும் பளிச்சென்று வந்தன. என் வேலையைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

நானா அந்தத் தாள்களை நிலத்தில் விரித்து மணிக்கணக்காக இருப்பார். அந்த இரண்டு வருடத்தில் அவர் ஒரு காரியத்தில் இவ்வளவு ஈடுபட்டதை நான் பார்க்கவில்லை. அவருடைய போட்டில் இருந்த திரையிலும் இப்படித்தான் கோடுகள் ஓடும், ஆழத்தைக் காட்டும் கோடுகள். கற்பிட்டிக்கு வெளியே கடலுக்கடியில் ஒரு பெரிய கிடங்கு, ஆழமான பள்ளம், இருக்கிறது. திரையில் வளையத்துக்குள் வளையமாக, உள்ளே போகப் போக ஆழம். வளையத்துக்குள் வளையம் என்றால் கிடங்கு. அவருக்கு அது படித்த பாடமில்லை, முப்பது வருடத்துப் பழக்கம்.

நாலாம் நாள் நடை மேற்கு விளிம்பு ஓரமாகப் போவதாக உல்லாசப் பயணி வரைபடம் காட்டியது. தொலைநோக்கிப் படம் இரண்டு. அந்த இடத்தை எப்படிக் கடப்பது என்று அவர் நாலைந்து நாள் யோசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பாதையிலிருந்து ஒதுங்கிப் போகும் ஒரு புள்ளிக்கோட்டைக் காட்டினார். அது ஒரு சின்ன வளையத்துக்குள் போய், மறுபக்கம் வெளியேறிப் பெரிய பாதையோடு சேர்ந்தது.

“இதுதான் வழி. இங்க பாரு, ஒண்டுக்குள்ள ஒண்டா அஞ்சு வளையம். நல்ல கிடங்கு. சுத்திவர மலை. இதுக்குள்ள எறங்கிப் போனா ஒரு பக்கமும் ஒண்டும் தெரியா.”

அவருடைய விரல் அந்த நடு வளையத்தில் அசையாமல் நின்றது. முப்பது வருடம் கோட்டைப் பார்த்துக் கடலில் போனவர் சொல்கிறார், கடைக்குள் இருந்து தாள் மாற்றுகிறவன் என்ன மறுப்பது? “சரி நானா,” என்றேன். அவர் பச்சைப் பேனையால் அந்த வளையத்தைச் சுற்றிக் குறித்தார்.

பதினொரு நாள் என்று திட்டமிட்டோம். தை மாதம், மேற்கு மலைகளில் மழை குறைந்த காலம். முதல்நாள் கண்டிப் பக்கத்தில் தொடங்கி ஏறும்போது ஒரு மணித்தியாலத்துக்குள் என் முழங்கால்கள் இரண்டும் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டன. வரைபடத்தில் நூல் பிடித்து அளந்து ‘நாலே மணித்தியாலம்’ என்று நான் எழுதிய தூரத்துக்கு ஒன்பது மணித்தியாலம் பிடித்தது. மதுரங்குளி ரோட்டில் மைல் என்றால் மைல். அங்கே ஒரு மைலுக்குள் மூன்று மைலை மடித்து வைத்திருக்கிறார்கள். நானா என்னைவிட நன்றாக நடந்தார். மெல்ல மெல்ல, குனிந்து, ஆனால் நிற்காமல்.

அவர் தேயிலைச் செடிகளைத் தொட்டுத் தொட்டு நடந்தார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களோடு தானாகவே கதை கொடுத்தார். இரண்டாம் நாள் ஒரு வளைவில் பாணும் வாழைப்பழமும் சாப்பிட உட்கார்ந்தபோது, “இங்க காத்துல உப்பு இல்ல,” என்றார். அன்றிரவு குறட்டை விட்டுத் தூங்கினார். எனக்கு அழுகை வந்தது. இதற்காகவே இன்னும் ஒன்பது நாள் என் முழங்கால்கள் போனாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் இரவுக்கு நாங்கள் தங்க வேண்டிய இடம், நடப்பவர்களுக்கு அறை கொடுக்கும் ஒரு தோட்டத்து வீடு. வீட்டுக்கார அம்மா முன்பு கொழுந்து பறித்தவர், இப்போது ஓய்வு. நானா குளிக்கப் போயிருந்தார். வெளிச்சம் போகுமுன் நாளைய வழியை விசாரித்து வைப்போம் என்று அடுப்படி வாசலில் நின்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

“அக்கா, இங்கருந்து ஒரு ஒத்தையடிப் பாதை பள்ளத்துக்குள்ள எறங்கிப் போகுதே, அது நல்ல பாதையா?”

“பள்ளத்துக்கா? அப்புடி ஒன்னும் இல்லிங்களே. ஒத்தையடிப் பாதைன்னா மொட்டப் பாறைக்கித்தாங்க போவுது. மேல.”

“இல்ல, பள்ளம். சுத்திவர மலை இருக்கிற பள்ளம்.”

அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து எதிரே காட்டினார். வீட்டுக்கு நேரே மேலே ஒரு மலை, உச்சியில் புல் மட்டும். “அந்தா, அதுதாங்க. அதுக்கு மேல வேற ஒசரம் கெடையாது. வெள்ளனா போனீங்கன்னா கொழும்புக் கடலே தெரியும். எங்க வீட்டுக்கு வர்ற வெள்ளக்காரங்க எல்லாரும் அதப் பாக்கத்தான் போவாங்க.”

நான் அறைக்குப் போய்ப் பையின் அடியிலிருந்து மூலத் தாளை எடுத்தேன். பெரிதாக்காத, பழுப்புக் கோடு போட்ட தாள். நடு வளையத்துக்குள் ஒரு சின்ன முக்கோணம் இருந்தது. பக்கத்தில் உயரம் எழுதியிருந்தது. வெளி வளையத்தில் இருந்த இலக்கத்தைவிட உள் வளையத்தில் கூட. கடலில் உள்ளே போகப் போக ஆழம் என்றால், இங்கே உள்ளே போகப் போக உயரம். என் மெஷின் அந்த இலக்கங்களைத் தின்றுவிட்டிருந்தது. தாளை மடியில் வைத்தபடி கட்டிலில் உட்கார்ந்தேன்.

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவர் வெளியே வந்ததும் சொல்லிவிட வேண்டியதுதான். பெரிய பாதையிலும் கடல் தெரியலாம், உச்சியிலும் தெரியும். பஸ் ஏறி அந்தத் துண்டைத் தாண்டிவிடலாம். அவ்வளவு லேசான காரியம். அந்த நேரம் மதினியின் போன் வந்தது. “எப்புடி ஈக்காரு?” என்று கேட்டார். நல்லா தூங்குறார் மதினி, நல்லா சாப்பிடுறார் என்றேன். “அல்ஹம்துலில்லாஹ்,” என்றார். அவர் மனம் இளகினதா என்று மட்டும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவருக்குப் பின்னால் கற்பிட்டி வீட்டில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் நானாவிடம் சொல்லவில்லை. பயத்தில் சொல்லாமல் விட்டேன் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். இந்த மனிதர் இப்படியே மலைமலையாக ஒளிந்துகொண்டு திரிவார், மதினி அங்கே காத்துக்கொண்டு கிழவியாகிவிடுவார் என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் சொல்லாமல் விட்டேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, “நாளைக்குக் கிடங்கு வழி,” என்றார். “ஓம் நானா,” என்றேன்.

விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். பாதை ஏறியது. அரை மணித்தியாலம் ஏறிய பிறகு அவர் நின்று தாளை எடுத்தார்.

“எறக்கம் எங்க?”

“ஏறித்தான் எறங்கும் போல.”

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மேலே நடந்தார். மூடுபனி கட்டியிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தேயிலை முடிந்து புல் வந்தது, புல் முடிந்து பாறை வந்தது. பாறைக்கு மேல் ஏற ஒன்றும் இல்லை. நானா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. நான் உட்கார்ந்து பிஸ்கட் பெட்டியைப் பிரித்தேன். பனி விலகாவிட்டால் அல்லாஹ்வின் நாட்டம், இப்படியே இறங்கிவிடுவோம் என்று நினைத்தேன். நான் செய்ததை நினைத்து அப்போதே வெட்கமாகவும் இருந்தது. எழும்பிப் போவோமா என்று கேட்க வாயெடுத்தேன்.

எட்டு மணிக்குக் கிட்டக் காற்று வந்தது. முதலில் கீழே ஒரு லயத்துக் கூரை தெரிந்தது. பிறகு அடுத்த மலை, அதற்கடுத்த மலை, மலைகள் சிறுத்துச் சிறுத்துத் தட்டையாகிய நாடு. அதற்கும் அப்பால், வானத்துக்கு அடியில் வெளிறிய ஒரு பட்டை. நான் அதை மேகம் என்றுதான் நினைத்தேன். நானாவுக்கு ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை.

“அது கடல்,” என்றார்.

திரும்பிக்கொள்வார் என்று பார்த்தேன். திரும்பவில்லை. பார்த்தபடியே கேட்டார்.

“நீ தெரிஞ்சிட்டா கூட்டி வந்த?”

“ஓம் நானா. நேத்து அந்திக்குத் தெரியும்.”

“நீ என்ட தம்பியே இல்ல.”

பாறையில் உட்கார்ந்தார். கையில் இருந்த தாள் காற்றில் படபடத்தது. அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் போலவும் இருந்தது, கேட்டால் அது பொய்யாகிவிடும் போலவும் இருந்தது. என் நிழல் கால்மாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

பிறகு அவர் கையை நீட்டினார், எனக்கில்லை, தனக்கே காட்டிக்கொள்வது போல.

“அது கொழும்புப் பக்கம். அதுக்கு வடக்கால சிலாபம். எங்கட ஊர் அந்தா, அந்தப் புகையாட்டம் ஈக்கிற எடத்துக்கும் அங்கால. அங்கருந்து மன்னாருக்கு இன்னும் எவ்வளவு ஈக்கி.” விரல் அந்தப் பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லப் போயிற்று. முனை என்று ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் போய்க் கரைந்தது. “இதுக்குள்ளயா நான் அவனத் தேடின? பத்தொன்பது நாள்?”

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“போட்டுல ஈக்கக்குள்ள இது தெரியலயே, தம்பி. அடுத்த அலைக்கு அந்தப் பக்கம் ஈப்பான், அடுத்த அலைக்கு அந்தப் பக்கம் ஈப்பான் எண்டுதானே தேடின. கரையில நிண்டாலும் அப்புடித்தானே தெரியுது.” அவர் அந்தப் பட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இது இவ்வளவு பெருசு எண்டு எனக்கு ஆரும் சொல்லலயே.”

என் நானா அழுததை அன்றுதான் பார்த்தேன். முகத்தை மூடவில்லை. கைகள் இரண்டும் முழங்காலில் கிடந்தன.

பிறகு எழுந்து சப்பாத்தைக் கழற்றினார். என் போத்தலை வாங்கி, இருந்த தண்ணீரில் சிக்கனமாகக் கை முகம் கால் கழுவி ஒழு எடுத்தார். மீதியை என்னிடம் நீட்டினார். முற்பகலில் அவர் லுஹாத் தொழுவது வழக்கம், அதற்குத்தான் என்று நினைத்து நானும் ஒழு எடுத்தேன். எங்கள் நாட்டில் தொழும் திசையான கிப்லா மேற்கே, சற்று வடக்கே சாய்ந்து. அவர் சூரியனைப் பார்த்துத் திசை பிடித்து நின்றார். அந்தப் பட்டை நேர் முன்னால் இருந்தது. பாலாவியில் முன்னால் சுவர் இருக்கும். இங்கே சுவர் இல்லை.

“வா, பக்கத்துல நில்லு,” என்றார்.

அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லிக் கையைக் கட்டினார். நானும் கட்டினேன். பாத்திஹா ஓதி முடித்தேன். குனிந்து ருகூஉக்குப் போவார் என்று முதுகைத் தளர்த்தி ஆயத்தமானேன். அவர் குனியவில்லை. நின்றபடியே இரண்டாவது தக்பீர் சொன்னார்.

குனியாமல், நெற்றியை நிலத்தில் வைக்காமல், நின்ற நிலையிலேயே நாலு தக்பீரோடு முடிகிற தொழுகை எங்களில் ஒன்றுதான் இருக்கிறது.

நபியின் மேல் ஸலவாத்து ஓதினேன். மூன்றாவது தக்பீர் வந்தது. மவுத்தானவருக்காகத் துஆச் செய்யும் இடம் அது. இங்கே இருப்பவர்களுக்கும் இங்கே இல்லாதவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தத் துஆவில் மன்னிப்புக் கேட்போம். எத்தனையோ ஜனாஸாக்களில் வாய்ப்பாடமாக ஓடிய சொற்கள். பக்கத்தில் நானாவின் உதடுகள் அசைவது கேட்டது. அவர் மகனின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் வாயால் கேட்கிறேன். நாலாவது தக்பீர். வலது பக்கம் ஸலாம், இடது பக்கம் ஸலாம்.

“ஊட்டுக்கு எடு,” என்றார்.

மலையுச்சியில் போனுக்கு நல்ல சிக்னல் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மதினி ஹலோ சொல்வது எனக்கும் கேட்டது.

“புள்ளைக்குத் தொழுதிட்டன்,” என்றார் நானா.

மதினி அழத் தொடங்கினார். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. நானா போனைக் காதிலிருந்து எடுக்கவுமில்லை, அழாதே என்று சொல்லவுமில்லை. அது ஓயும்வரை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில், “பள்ளிக்கும் சொல்லி அனுப்பு. ஜும்ஆக்குப் பொறகு ஊராக்கள் எல்லாரும் சேந்து தொழட்டும்,” என்று சொல்லிவிட்டுத் தந்தார்.

அன்றைய நாளையும் சேர்த்து நடையில் இன்னும் எட்டு நாள் மிச்சமிருந்தது. மூன்று தாள் வரைபடம் விரிக்காமலே பையில் கிடந்தது. அடுத்த இறக்கத்தில் பெரிய பாதை எந்தப் பக்கம் என்று பார்க்க நான் ஒன்றை வெளியே இழுத்தேன். நானா சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அத வை. பஸ் போற ரோட்டுக்கு எறங்குவம்,” என்றார். “ஊட்டுக்கு ஆக்கள் வரத் தொடங்குவாங்க. வாப்பா வாசல்ல நிக்க வாணாமா?”